ஒரே வீட்டுக்கு இரண்டு கேரியர்: திருவானைக்காவல் சாப்பாட்டு சர்வீஸ் எப்படி?

திருவானைக்காவல், ஸ்ரீரங்கம், மாம்பழச்சாலை பக்கம் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு மதியச் சாப்பாடும் ராத்திரி டிபனும் கொண்டுவந்து தரும் சர்வீஸ் ஒன்று இருக்கிறது. நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன் என்பதால் பெயர் போடவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மஞ்சள் மூடி கேரியர் என்றாலே புரிந்துவிடும். ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்துகிறார்கள். சமையலுக்கு நாலைந்து பெண்கள், கொண்டுவந்து தர டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இரண்டு தம்பிகள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் டாலஸிலும் இருக்க, அப்பா அம்மா மட்டும் பெரிய வீட்டைக் காவல் காக்கும் ஊர் இது. ஆகவே இவர்களுக்கு வாடிக்கைக்குப் பஞ்சமில்லை.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னால்தான் நான் எதை வைத்து மார்க் போடுகிறேன் என்று தெரியும். அப்பாவுக்கு 82. பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ரத்த அழுத்தத்துக்கு குளோர்தாலிடோன் சாப்பிடுகிறார், யூரின் நிறையப் போகவைக்கும் மாத்திரை. அது சோடியத்தை வெளியே தள்ளும்போது பொட்டாசியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு அவர் சாப்பிட்டதே தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான். சமையல்கார அம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு காய் என்ற ஒன்று அந்த வீட்டில் வேகவே இல்லை. கெண்டைக்காலில் குரக்களி பிடித்து ராத்திரி தூக்கம் போச்சு, மாடிப்படி ஏற முடியவில்லை என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் 3.1. லேப் தாளில் 3.5-ல் இருந்து 5.1 வரை இருக்கலாம் என்று அச்சடித்திருக்கும்.

அம்மாவுக்கு 77. சர்க்கரை வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. கிட்னி சரியாக வடிகட்டுகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் 1.4. பார்க்க ஒன்றுமில்லாத நம்பர் மாதிரி இருக்கும். ஆனால் இந்த வயதுப் பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் கிட்னி வடிகட்டும் திறன், அதாவது ஈ.ஜி.எஃப்.ஆர்., 40-க்குக் கீழேதான் வரும். அவர் சாப்பிடும் டெல்மிசார்டான் கிட்னியைக் காப்பாற்றுகிற மாத்திரை. கூடவே பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கிற மாத்திரையும்கூட. உடம்புக்குள் போகும் பொட்டாசியத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வாசல் பாதி அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் ஏறும். அம்மாவுக்கு ஏறியது 5.6 வரைக்கும்.

ஒருத்தருக்குப் பற்றவில்லை, இன்னொருத்தருக்கு மிச்சம். இரண்டு பேரும் ஒரே டைனிங் டேபிளில் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள். கூடினாலும் குறைந்தாலும் சதை பலவீனமாகும், கடைசியில் கை வைக்கிற இடம் இதயத் துடிப்பு. கூடும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் டாக்டர் அதற்கு அதிகம் பயப்படுகிறார். வயதானவர்கள் எல்லோருக்கும் வாழைப்பழம் நல்லது, இளநீர் நல்லது, கீரை நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது.

சர்வீஸுக்கு வருவோம். முதலில் சமையல். கைமணம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. சாம்பாரில் பருப்பு நீர்த்துப்போகவில்லை. வத்தக்குழம்புக்கு நல்லெண்ணெய். காயைச் சின்னதாக நறுக்கி நன்றாகக் குழைய வேகவைக்கிறார்கள். பல்செட் போட்டவர்களுக்கு இது பெரிய விஷயம். அப்பா பீன்ஸ் பொரியலைத் தட்டில் ஒதுக்கிவைக்காமல் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். சாதம் வடித்த சாதம், குக்கர் சாதம் இல்லை. ராத்திரிக்கு இட்லி, இடியாப்பம், ஆப்பம், சம்பா ரவை உப்புமா. சப்பாத்தி மட்டும் கேட்காதீர்கள். மூடி திறப்பதற்குள் வியர்த்து, ஈரத்துணி மாதிரி ஆகிவிடுகிறது.

சேரும்போது ஒரு அட்டை தருகிறார்கள். சாதா, சுகர், பி.பி., கிட்னி ஸ்பெஷல் என்று நான்கு வகை. ஒவ்வொன்றுக்கும் கேரியர் மூடியில் ஒரு கலர் ஸ்டிக்கர். கிட்னி ஸ்பெஷலுக்கு வேளைக்கு 20 ரூபாய் கூட. அம்மாவுக்கு கிட்னி ஸ்பெஷல், அப்பாவுக்கு பி.பி. என்று எழுதிக்கொடுத்தேன். டயட்டீஷியன் போன் செய்வார் என்றார்கள். செய்தார். உயரம், எடை, என்ன வியாதி என்று கேட்டார். என்னென்ன மாத்திரை என்று கேட்கவில்லை. கடைசி ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

முதல் வாரமே அம்மாவின் கேரியரோடு ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு வந்தது. திறந்தால் வாழைத்தண்டு ஜூஸ். மேலே கொஞ்சம் மிளகுத்தூள், எலுமிச்சை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாருடி, கிட்னிக்குன்னு தனியா போட்டுக் குடுத்திருக்கா" என்றார்.

திருச்சியில் வாழைத்தண்டைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள். தொட்டியத்தில் இருந்தும் லால்குடியில் இருந்தும் காந்தி மார்க்கெட்டுக்கு வாழை வந்து இறங்கும் ஊர், தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இங்கேதான் இருக்கிறது. கிட்னியில் கல் இருப்பவர்களுக்குத் தண்டுச் சாறு கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வருகிற பழக்கம். சிக்கல் என்னவென்றால், கல் வேறு, கிட்னி தளர்ந்துபோவது வேறு. கல் இருக்கிற முப்பது வயதுக்காரனின் கிட்னி பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். அம்மாவின் கிட்னி தள்ளாது. வாழையில் பழத்தில் மட்டும்தான் பொட்டாசியம் என்று நினைக்கிறோம். தண்டிலும் நிறைய இருக்கிறது, அதுவும் நாரை வடிகட்டி எறிந்துவிட்டுச் சாறாகக் கொடுத்தால் சீக்கிரமாக ரத்தத்தில் ஏறும். 'கிட்னி ஸ்பெஷல்' என்று காசு கூட வாங்கிக்கொண்டு கிட்னி நோயாளிக்கு இதைக் கொடுப்பது என்ன நியாயம்?

போன் செய்தேன். அக்கா நன்றாகத்தான் பேசினார். "எல்லாரும் கேக்கறாங்கம்மா, குடுக்கலேன்னா கோவிச்சுக்கறாங்க. உங்க அம்மாவுக்கு நிறுத்திடறேன்" என்றார். மறுநாளில் இருந்து தூக்கு வரவில்லை. ஆனால் அட்டையில் கிட்னி ஸ்பெஷலுக்கு நேரே வாழைத்தண்டு ஜூஸ் இன்னும் அப்படியே இருக்கிறது. இதற்கு முழுசாக ஒரு மார்க் குறைக்கிறேன்.

அடுத்தது உப்பு. இதைக் கண்டுபிடித்தது அப்பா. அவருக்குப் பொட்டாசியம் குறைந்தபோது டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்திருந்தார். தண்ணீரில் கலந்து குடிக்கவேண்டும். பொட்டாசியம் குளோரைடு. குடித்தவர்களுக்குத் தெரியும், எந்தப் பழத்தின் வாசனையைப் போட்டாலும் அடிநாக்கில் ஒரு கசப்பு, உலோக வாடை நின்றுகொண்டே இருக்கும். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். ஒரு நாள் கேரியரில் வந்த நீர்மோரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "இதுல என் மருந்து கலந்திருக்கு" என்றார். வயசாயிடுச்சு, நாக்கு மரத்துப்போச்சு என்று அம்மா கிண்டல் செய்தார். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. சாம்பாரிலும் வத்தக்குழம்பிலும் புளி அதை மறைத்துவிடும். மோரிலும் தெளிவான ரசத்திலும் மறைக்க ஒன்றுமில்லை, கடைசியில் லேசாக ஒரு கசப்பு வந்து நிற்கும்.

சமையல்கட்டில் எல்லோருக்குமே சோடியம் குறைத்த உப்பைப் போட ஆரம்பித்திருந்தார்கள். பாக்கெட்டில் 30 சதவீதம் சோடியம் குறைவு என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்த 30 சதவீதத்துக்குப் பதிலாக என்ன போட்டிருக்கிறார்கள் என்பது பின்பக்கம் பொடி எழுத்தில்: பொட்டாசியம் குளோரைடு. அப்பாவின் சிரப்பில் இருக்கிற அதே சரக்கு.

இந்த உப்பு நல்ல உப்புதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து ஐந்து வருஷம் போல நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், இல்லையென்றால் அறுபது தாண்டிய பி.பி.காரர்கள். முக்கால் பங்கு சாதா உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் போட்டுச் சமைத்த கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் வயதுவந்தவர்களுக்கு இந்த மாதிரி உப்பைச் சிபாரிசு செய்தது. ஆனால் கிட்னி தளர்ந்தவர்களை அந்தச் சிபாரிசிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சீன ஆய்விலும் கிட்னி நோய் முற்றியவர்களையும் பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் சேர்க்கவே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 52 சதவீதம், பொட்டாசியம். ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு என்று வைத்தால் அதில் ஒன்றரை கிராம் பொட்டாசியம் குளோரைடு; பொட்டாசியமாக மட்டும் 780 மில்லிகிராம் உள்ளே போகும். அம்மாவுக்கு டாக்டர் சொன்ன வரம்பு நாளைக்கு 2,000. ஒரு வாய் காய் சாப்பிடுவதற்கு முன்னாலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பிலேயே முடிந்துபோகிறது. காயில் நாரோடு சேர்ந்திருக்கும் பொட்டாசியம் எல்லாமே உடம்பில் ஒட்டுவதில்லை. உப்பாகப் போவது ஏறக்குறைய அப்படியே ஒட்டிவிடும் என்று கிட்னி டாக்டர் சொன்னார். அப்பாவுக்கோ இந்த உப்பால் லாபம். நம் நாட்டு ஊட்டச்சத்துக் கணக்கில் வயதுவந்தவர்களுக்கு நாளைக்கு 3,500 மில்லிகிராம் பொட்டாசியம் வேண்டும். தயிர்சாதத்தை மட்டும் நம்பி இருந்தவருக்கு அதில் பாதிகூடப் போயிருக்காது.

நேரில் போய்ப் பேசுவோம் என்று சமையல்கட்டுக்கே போனேன். கோவில் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டு வீடு. முற்றத்தில் கேரியர் அடுக்குகள் வெயிலில் கவிழ்த்துக் காய்கின்றன. உள்ளே இரண்டு பெரிய கேஸ் அடுப்பு, ஒரு விறகடுப்பு. சுத்தம் என்று சொல்லலாம். பளபளப்பு என்று சொல்ல முடியாது. அக்கா உட்காரவைத்து காபி கொடுத்தார். நான் பாக்கெட்டைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "சிவப்பு ஸ்டிக்கருக்கெல்லாம் கல்லுப்பு, அளந்து போடுங்க. மத்தவங்களுக்கு இது" என்றார். சிவப்பு ஸ்டிக்கர்தான் கிட்னி. "பி.பி. மாத்திரையிலயும் சிலது பொட்டாசியத்தை ஏத்தும், ஸ்பைரோனோலாக்டோன்னு ஒண்ணு இருக்கு, அவங்களையும் கேளுங்கக்கா" என்றேன். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டு இப்போது எந்த நிலைமையில் இருக்கிறது என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. என் அம்மாவின் மோரில் கசப்பு இல்லை.

அன்றைக்குப் பார்த்த ஒரு காரியத்துக்காகத்தான் இவர்களை விட்டுப் போகாமல் இருக்கிறேன். உருளைக்கிழங்கை வேகவைப்பது. கிட்னிக்காரர்களின் உருளையைத் தோல் சீவி, விரல் நுனி அளவுக்குத் துண்டாக்கி, பெரிய குண்டானில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொதிக்கவைத்தார்கள். வெந்ததும் தட்டைச் சாய்த்துப் பிடித்து, சோறு வடிக்கிற மாதிரியே வடித்தார்கள். தண்ணீர் மஞ்சளாக, கொஞ்சம் கலங்கலாக ஓடியது. பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. துண்டு சின்னதாக இருந்து, தண்ணீர் நிறைய இருந்து, கொதிக்கவும் செய்தால் பாதி அளவு தண்ணீரோடு போய்விடும். சும்மா ஊறவைத்தால் அவ்வளவாக இறங்காது. குக்கரில் ஆவியில் வைத்தாலும் இறங்காது. முழுக் கிழங்காக வேகவைத்தால் உள்ளேயே இருந்துவிடும். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். முன்பு டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒரு வாத்தியார் வாடிக்கையாளராக இருந்தாராம், அவர் மனைவி இங்கேயே வந்து நின்று சொல்லிக்கொடுத்தாராம்.

அந்த வடித்த தண்ணீரை அவர்கள் கொட்டவில்லை. கோஸ், கேரட் வேகவைத்த தண்ணீரையும் அதோடு சேர்த்து, மிளகு ரசம் வைத்தார்கள். வெள்ளை (பி.பி.) ஸ்டிக்கருக்கும் பச்சை ஸ்டிக்கருக்கும் போகிற ரசம். அதாவது என் அம்மாவின் கிழங்கில் இருந்து வெளியே வந்த பொட்டாசியம் என் அப்பாவின் ரசத்தில் போய்ச் சேருகிறது. இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காய் வெந்த தண்ணியைக் கொட்டினால் சத்து போயிடும் என்று பாட்டி திட்டுவார். அதே சத்தைத்தான் இங்கே ஒருத்தரிடம் இருந்து எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கிறார்கள். எந்த டயட்டீஷியன் அட்டையிலும் இது இல்லை.

இப்போது வருகிற சாப்பாட்டைச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், கோஸ் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. கீரை வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் வடித்தது. தக்காளி ரசம் இல்லை, பருப்புத் தண்ணி அளவாக. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் பெரும்பாலும் புதினா வெங்காயத் துவையல். பழம் என்றால் அரை ஆப்பிள். சப்பென்று இருக்கிறது என்று அம்மா முணுமுணுக்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. தாளிப்பிலும் எலுமிச்சையிலும் பெருங்காயத்திலும் இன்னும் கொஞ்சம் கை தாராளமாக இருக்கலாம். இதில் எதுவும் கிட்னிக்கு விரோதி இல்லை. முருங்கைக்கீரை, இளநீர் இரண்டும் அம்மாவுக்கு இல்லை. இளநீரைத்தான் அவரால் விட முடியவில்லை. ஒரு டம்ளரிலேயே 400-ல் இருந்து 600 மில்லிகிராம் வரை போகும் என்று சொன்னதும் "வெறும் தண்ணிதானேடி" என்றார். இதற்கு சர்வீஸ்காரர்கள் என்ன செய்வார்கள், வாசலில் இளநீர் வண்டி வந்து நின்றால்.

அப்பாவுக்கு வெள்ளை ஸ்டிக்கர், பி.பி. கீரை, வாழைப்பூ, பூசணி, கத்திரி, பயறு எல்லாம் வருகிறது. கூட ஒரு பூவன் பழம். தயிர் ஒரு கிண்ணம். குரக்களி குறைந்தது, சிரப்பை டாக்டர் நிறுத்திவிட்டார், மாத்திரையின் அளவையும் குறைத்தார். ஆகவே எல்லாப் புகழும் வாழைப்பழத்துக்குத்தான் என்று நான் சொல்லமாட்டேன். இப்போது 3.9.

அப்பா விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் புரதத்தில்தான். அவர் 56 கிலோ. இந்த வயதில் சதை கரையாமல் இருக்க கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார்கள், 56 கிராம். ராத்திரிக்கு இரண்டு இட்லியும் சட்னியும் என்றால் ஐந்து கிராம் வந்தால் பெரிது. இது சைவச் சமையல்கட்டு, முட்டை கிடையாது. சுண்டல் போட்டார்கள், பல்செட்டில் கல் மாதிரி கடிபட்டது. பாசிப்பயறை மசித்து, கடலைப்பருப்பு அடை மெல்லியதாக, பனீரை உதிர்த்துப் போட்டு என்று எத்தனையோ வழி இருக்கிறது. கேட்டால் "பார்க்கறேம்மா" என்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். நாங்களே காலையில் இரண்டு முட்டையும் ராத்திரி பாலும் வைத்துச் சமாளிக்கிறோம். அம்மாவுக்கு நேர் எதிர், அவருக்குப் புரதத்தை டாக்டர் அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில் இந்தத் தலைவலியும் இரட்டிப்பு.

நேரம் பற்றி. மதியம் பன்னிரண்டரைக்குள் வந்துவிடுகிறது, சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு இது முக்கியம். ராத்திரி ஏழு. மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள், அப்போது ஒன்றரை ஆனது; முன்கூட்டியே போனில் சொன்னார்கள், அதனால் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி லீவு. கொண்டுவருகிற தம்பி, பெல் அடித்து இரண்டு நிமிஷம் யாரும் கதவைத் திறக்காவிட்டால் எனக்குப் போன் செய்கிறான். அவனுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை என்று நினைக்கிறேன். சாப்பாட்டைவிட அந்தப் போன் மதிப்புள்ளது.

ஒரு தடவை ஸ்டிக்கர் மாறிவிட்டது. அப்பாவின் கேரியர் அம்மாவிடமும், அம்மாவுடையது அப்பாவிடமும். அப்பா சுரைக்காய்க் கூட்டைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் வீட்டில் சிரித்துவிட்டு மாற்றிக்கொண்டோம். வேறு வீட்டுக்குப் போயிருந்தால் சிரிப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. ஸ்டிக்கர் எண்ணெய் பட்டு உரிகிறது. மூடியில் பெயிண்டில் பெயரையே எழுதிவிடலாம். சொல்லியிருக்கிறேன்.

பொட்டாசியம் பரிசோதனை செய்பவர்களுக்கு, சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த ஒரு லேப் பையன் அம்மாவின் கையில் ரப்பரை இறுக்கிக் கட்டி, "நல்லா மூடி மூடித் திறங்கம்மா" என்று கையைப் பிசையச் சொல்லி, நரம்பு கிடைக்காமல் குத்திக்கொண்டே இருந்தான். ரிப்போர்ட் 6.2. எங்களுக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் உடனே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் எடுத்ததில் 5.2. முஷ்டியை இறுக்கி இறுக்கித் திறந்தாலும், ரத்த அணுக்கள் உடைந்தாலும், உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே வந்து நம்பரைப் பொய்யாக ஏற்றிவிடும். அதற்காக ஏறிய நம்பரைப் பொய் என்று நாமே முடிவு செய்துகொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். அம்மாவுக்கு இப்போது 4.9-லும் 5.1-லும் நிற்கிறது, மாத்திரை மாறவில்லை.

காசு: மதியம் 120, ராத்திரி 70, கிட்னிக்கு மேலே 20. இரண்டு பேருக்கும் மாதம் பன்னிரண்டாயிரத்தைத் தொடுகிறது. ஆளைப் போட்டுச் சமைப்பதைவிட ரொம்பக் குறைவு என்று சொல்ல முடியாது, ஆனால் ஆள் லீவு போடுவார், கேரியர் போடுவதில்லை. டாலஸில் இருக்கிற தம்பி பணம் அனுப்புகிறான், சண்டை போடுவது என் வேலை.

ஐந்துக்கு மூன்றரை. ருசிக்கும் நேரத்துக்கும் அந்த வடிக்கிற குண்டானுக்கும் கொடுக்கிறேன். வாழைத்தண்டு அட்டைக்கும், மாத்திரை கேட்காத டயட்டீஷியனுக்கும், புரதத்துக்கும் பிடித்துக்கொள்கிறேன். கிட்னி சாதாரணமாக இருக்கிற, பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை சாப்பிடாத, வெறும் பி.பி. உள்ள பெரியவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். கிட்னிக்காரர்களைச் சேர்ப்பதாக இருந்தால் மாத்திரைச் சீட்டையும் கடைசி ரத்த ரிப்போர்ட்டையும் அக்காவின் வாட்ஸ்அப்புக்கு நீங்களே அனுப்பிவிட்டு, என்ன உப்பு போடுகிறீர்கள் என்று ஒரு தடவையாவது கேட்டுவிடுங்கள். கேரியருக்கு 600 ரூபாய் முன்பணம், ரசீது கேட்டால்தான் தருவார்கள். மூடி தொலைந்தால் 80 ரூபாய் பிடிக்கிறார்கள்.